பேச்சிமுத்து கடையின் கருத்து

"எழுத்துன்னா அது நம்ம வடிவக்கா எழுத்துதான். ரோட்டைத் தொறங்கய்யான்னு நறுக்குன்னு எழுதிருப்பாவ. அஞ்சு மணிக்கு கார்ப்பரேஷன் எஞ்சினீயர் வாசிப்பாருல்லா, அப்பக் கேளுங்க"ன்னு சொல்லிக்கிட்டே பேச்சிமுத்து தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சாரு. சொய்ங்னு ஆவி எழும்புச்சு. சொன்னது எங்கிட்ட இல்ல, பார்சலுக்கு நிக்கிற மெடிக்கல் ஸ்டோர் பிரமநாயகம் அண்ணாச்சிகிட்ட. நான் மூலையில, சுவர் ஃபேனுக்குக் கீழ என் நாற்காலியில உக்காந்து, ஒரு ரசவடை, ஒரு ஊத்தப்பம்னு சொல்லிட்டுத் தண்ணி டம்ளரைக் கையில எடுத்திருந்தேன். எடுத்த டம்ளர் அப்படியே நிக்குது. குடிக்கவும் முடியல, கீழ வைக்கவும் முடியல. எழுதிருப்பாவ! ஏ சங்கரவடிவு, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே நீ. மணி நாலு முப்பத்தஞ்சு. வெளிய மணிக்கூண்டுக்குக் கீழ பந்தல் போட்டாச்சு, மைக்குக்காரன் ஹலோ ஹலோன்னு தனக்குத்தானே பேசிக்கிட்டிருக்கான். மூணு மாசமா வண்டி போகாம அடைச்சுப் போட்டிருக்கிற இந்த மணிக்கூண்டுத் தெருவை ஒரேயடியா அடைச்சிரலாமா, இல்ல பழையபடி தொறந்து விட்டிரலாமான்னு தெருவுல உள்ளவங்க கருத்தைக் கேட்டு வீட்டுக்கு ஒண்ணு, கடைக்கு ஒண்ணுன்னு படிவம் குடுத்தாங்க. எல்லாத்தையும் இன்னைக்கு அஞ்சு மணிக்கு எல்லாரு முன்னாலயும் வாசிக்கப் போறாங்க. அதுல இந்தக் கடைப் படிவமும் இருக்கு. அடியில பேச்சிமுத்து கையெழுத்து. அதுக்கு மேல உள்ளது பூரா என் எழுத்து. அதுல தொறங்கன்னு ஒரு இடத்துலகூட இல்ல. நிரந்தரமா மூடிருங்கன்னு இருக்கு.

எப்படி எழுதினேன்? ஏன் எழுதினேன்? பைத்தியமா எனக்கு? பைத்தியம் இல்ல, பழக்கம். இந்தத் தெருவுல எந்தப் படிவம் வந்தாலும் நான்தான் நிரப்புவேன். ரேஷன் கார்டுல பேரு சேக்க, முதியோர் பென்ஷன், பேங்குல கேக்கிற அது இது, எல்லாம் "வடிவக்காகிட்ட குடு"ன்னு நம்ம வாசலுக்கு வந்துரும். எழுத்து அப்படி. பத்திர ஆபீசுல முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவா இருந்து வந்த எழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. ஆனா ஒரு குறுக்கு வழி வச்சிருக்கேன். வெறும் படிவத்துலயே முதல்ல கையெழுத்தை வாங்கிக்கிடுவேன். எல்லாருக்கும் அவசரம், கடையில ஆள் நிக்கும், அடுப்புல பால் இருக்கும், நான் எழுதி முடிக்கிற வரைக்கும் யாரு காத்துக்கிடப்பா? கையெழுத்தைப் போட்டுட்டுப் போங்க, நான் சாவகாசமா நிரப்பிக்கிடுதேன். பதினஞ்சு வருஷமா இதுதான் நடைமுறை, ஒருநாளும் ஒரு தப்பு வந்ததில்ல. நினைச்சா சிரிப்பு வருது, சிரிப்பும் இல்ல. ஆபீசுல எனக்குப் பக்கத்து மேசையில ஆபீசர் ஒவ்வொருத்தரையும் நிக்க வச்சுக் கேப்பாரு, படிச்சுப் பாத்தீங்களா, சம்மதிச்சுத்தான் கையெழுத்துப் போட்டீங்களான்னு. ஒரு நாளைக்கு இருபது தடவை. முப்பத்திரண்டு வருஷம் அந்தக் கேள்வியைக் காதுல வாங்கிட்டு வந்து, தெருவுல உள்ள அத்தனை பேருகிட்டயும் வெத்துத் தாளுல கையெழுத்து வாங்கிருக்கேன். அன்னைக்கும் பேச்சிமுத்து மாவுக்கையை வேட்டியில துடைச்சிட்டு, "எங்கக்கா போடணும்?"னுதான் கேட்டாரு. "இந்தா, பெருக்கல் குறி போட்ட இடத்துல." அவ்வளவுதான் நாங்க பேசினது. நீங்க என்ன நினைக்கீங்கன்னு நான் கேக்கல. கேக்கணும்னு தோணவே இல்லையே! தினமும் சாப்பிடுதோம், நமக்குத் தெரியாதான்னு ஒரு இது. திமிர்தான், வேற என்ன பேரு அதுக்கு.

மத்தவங்ககிட்ட எல்லாம் கேட்டேனே. அதை நினைச்சாத்தான் மனசு ஆறமாட்டேங்குது. பிரமநாயகம் அண்ணாச்சி, இந்தா நிக்காரே, இவருகிட்ட ரெண்டு தடவை கேட்டேன். "கண்டிப்பா மூடணும், ஹாரன் சத்தம் இல்லாம இப்பத்தான் மத்தியானம் ஒரு கண் அசருதேன். ஆனா என் பைக் மட்டும் கடை வாசல் வரைக்கும் வரணும்னு எழுதிரும்மா"ன்னாரு. அது எப்படி அண்ணாச்சி, தெருவை மூடி உங்க பைக்குக்கு மட்டும் வழி விடணுமான்னு கேட்டா, "நான் என்ன பெரிய லாரியா ஓட்டுதேன்?"ங்காரு. தையல் கடை மைமூன் தொறக்கத்தான் சொன்னா. கல்யாண வீட்டுக்காரங்க கார்ல வந்து இறங்குனாத்தான் ஜாக்கெட்டு பத்துப் பன்னெண்டு ஒண்ணா வருமாம், நடந்து வர்றவ பழசுக்குப் பக்கம் பிரிச்சுத் தரச் சொல்லுதாளாம். ரெண்டு பேரு சொன்னதையும் சொன்னபடியே எழுதினேன். எதிர்வாடையில மரநாற்காலி போட்டு, கண்ணாடிப் புட்டியில காப்பி ஊத்திக் குடுக்கிற புதுக்கடைப் பிள்ளைங்க தாங்களே இங்கிலீஷுல டைப் அடிச்சுக் குடுத்துட்டாங்க, ரொம்ப சந்தோஷம், எப்பவும் மூடியே இருக்கட்டும்னு. ஏன் இருக்காது? அவங்க வந்ததே தெரு மூடினதுக்குப் பொறவுதானே. அந்தக் காப்பியை ஒரு நாள் போய்க் குடிச்சும் பாத்தேன். ஆறின கஷாயத்துல ஐஸைப் போட்ட மாதிரி இருந்துது, மீதியை அப்படியே வச்சிட்டு நேரா இங்க வந்து பேச்சிமுத்துகிட்ட ஒரு காப்பி வாங்கிக் குடிச்சப் பொறவுதான் நாக்கு நம்ம நாக்காச்சு. பேச்சிமுத்து அன்னைக்கு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "எக்கா, அங்க போயிட்டா வாரீய?" அந்தச் சிரிப்பு இன்னும் ஒரு அரை மணி நேரத்துல இருக்குமா?

ரசவடை வந்துட்டு. ஆவுடைதான் உள்ளேருந்து கொண்டு வந்து வச்சா. பேச்சிமுத்து பெஞ்சாதி. எப்பவும் போல, "நல்லா ஊறிட்டுக்கா, உங்களுக்குன்னு மேல உள்ளதை எடுத்தேன்"ன்னு சொல்லிட்டு முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டே போறா. உங்களுக்குன்னு. வடையைக் கரண்டியால வெட்டினா பஞ்சு மாதிரி இறங்குது, ரசத்துல மிளகு தூக்கலா, மல்லித்தழை மிதக்குது. பாதியிலேயே கரண்டியைக் கீழ வச்சிட்டேன். இதை எழுதின அன்னைக்கு எனக்கு என்ன சந்தோஷம்! ஞாயித்துக்கிழமை மத்தியானம், படிவத்தையெல்லாம் அடுக்கி வச்சு எழுதிக்கிட்டே வாரேன், பேச்சிமுத்து தாள் வருது. மத்த தாளுக்கெல்லாம் ரெண்டு வரி. இவரு தாளுன்னதும் மனசு பொங்கிட்டு. நம்ம கடையாச்சே, நாலு வார்த்தை நல்லா எழுதுவோம்னு ஒரு ஆசை. "மாலை வேளையில் காற்றாட, நடுச்சாலையில் அச்சமின்றி நடக்க முடிகிறது. இந்நிலை என்றும் தொடர வேண்டும்." அய்யோ அய்யோ. காலையில அஞ்சு மணிக்குக் கல்லு முன்னால நிக்க ஆரம்பிச்சா ராத்திரி பத்து வரைக்கும் அதே ரெண்டு அடி இடத்துல நிக்கிற மனுஷன், காலு ரெண்டும் நரம்பு சுருட்டி, முழங்காலுக்குக் கீழ துணி சுத்திக்கிட்டு நிக்காரு. அவரு காத்தாட நடக்காராம்! அச்சமின்றி! வாசிச்ச உடனே தெரு சிரிக்கும். சிரிச்சு முடிச்சிட்டு, யாரு எழுத்துன்னு எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பாப்பாங்க.

நடந்தது நான். அதுதான் விஷயம், வேற ஒண்ணும் இல்ல. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம், ஒரு நாளாவது ஓரத்தை விட்டு இறங்கி நடந்திருக்கேனா? சாக்கடைக் கல்லு மேல ஒரு காலு, சைக்கிள் ஸ்டாண்டுக்கு இடையில ஒரு காலு, பின்னால ஹாரன் அடிச்சா முந்தானையை இழுத்துக்கிட்டு சுவரோட ஒட்டணும். அவுக இருந்தப்பவும் அவுக முன்னால, நான் பின்னால, சேந்து நடக்க இடம் ஏது. வண்டியை நிறுத்தி, தடுப்பு வச்சு, புதுக்கல்லு பாவி முடிச்ச அன்னைக்குச் சாயங்காலம் செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய வந்தேன். பழக்கத்துல ஓரமாத்தான் போனேன். அப்புறம் என்னமோ தோணிச்சு, நடுவுக்கு வந்தேன். நடுத்தெரு! ரெண்டு பக்கமும் கடை, மேல பாத்தா வானம், மணிக்கூண்டு நேரா முன்னால. அது நடுவுல நின்னு பாத்தா இவ்வளவு அழகா இருக்கும்னு எனக்குத் தெரியாது, நான் எப்பவும் அதைச் சாய்வாத்தான் பாத்திருக்கேன். கை ரெண்டையும் வீசி நடந்தேன். யாராவது பாக்காங்களான்னு ஒரு கூச்சம், பாக்கட்டும்னு ஒரு தைரியம். அவுக இருந்திருந்தா பக்கத்துல நடந்திருப்பாகன்னு நினைச்சேன், கண்ணு கலங்கிட்டு. பொறவு தினமும் நடக்கேன். கோயில் முக்கு வரைக்கும் போய்த் திரும்பி, இங்க வந்து உக்காந்து ஒரு ஊத்தப்பம். இந்த மூணு மாசம் நான் இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்ல. அந்தச் சந்தோஷத்தைத் தூக்கி இன்னொருத்தன் தாளுல எழுதி வச்சிட்டேன், அவன் கையெழுத்துக்கு மேல.

இதைக் கேக்கிறவங்க நம்பமாட்டாங்க, இவ தினமும் அங்க உக்காந்து சாப்பிடுதா, அந்தக் கடைக்கு நஷ்டம்னு இவளுக்குத் தெரியாதான்னு. தெரியாது, சத்தியமா தெரியாது! பிரமநாயகம் அண்ணாச்சி இப்ப, "காலையில எப்படி ஓடுது?"ன்னு கேட்டாரு, பேச்சிமுத்து, "எங்க ஓடுது? அஞ்சு ஈடு இட்லி அவிச்ச இடத்துல ரெண்டு ஈடு போதும்னு ஆயிட்டு. லோடுமேனு, மினி லாரிக்காரன், ஆட்டோக்காரன் எல்லாம் தடுப்புக்கு அந்தாண்டயே தள்ளுவண்டியில தின்னுட்டுப் போயிருதான்"ன்னாரு. அப்பத்தான் தெரியும் எனக்கு. நான் வாரது நாலரைக்கு. போறது ஆறுக்கு. நான் பாத்தது சாயங்காலக் கடை. வெளிய ரெண்டு மேசை போட்டு, குடும்பம் குடும்பமா உக்காந்திருக்கும், பிள்ளைங்க சைக்கிள் ஓட்டும், நல்லா நடக்குதுன்னு நினைச்சேன். உக்காந்திருக்கிறதுல பாதிப் பேரு ஒரு வடையை நாலு பேரா பிச்சுக்கிட்டு போட்டோ எடுத்துட்டுப் போறாங்கங்கிறது இப்ப யோசிச்சாத்தான் தெரியுது. காலைக் கடையை நான் பாத்ததே இல்ல. ஒரு கடையில பாதியைப் பாத்துட்டு முழுசையும் எழுதிட்டேன். இன்னும் ஒண்ணு இருக்கு, அதை நினைச்சாத்தான் காது சுடுது. போன மாசம் பேச்சிமுத்து கேஸ் சிலிண்டரைத் தடுப்புலேருந்து கடை வரைக்கும் தானே உருட்டிக்கிட்டு வந்தாரு, வண்டி உள்ள வராதுல்லா. வேர்த்து ஒழுகுது, துணி சுத்தின காலோட குனிஞ்சு குனிஞ்சு உருட்டுதாரு. எதுத்தாப்புல நான் கையை வீசிக்கிட்டு நடந்து வாரேன். என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்து உருட்டுங்க தம்பி, புதுக்கல்லு ஒடைஞ்சிரப் போவுது." அவரு நிமிந்து பாத்து, "சரிக்கா"ன்னாரு. சரிக்கான்னுதான் சொன்னாரு, நாலு ஏச்சு ஏசிருந்தாக்கூட தேவலை.

சொல்லிரணும். இப்பவே எந்திரிச்சுப் போய்ச் சொல்லிரணும். மணி நாலு நாப்பத்தஞ்சு. சொல்லாட்டா என்ன ஆகும்? எஞ்சினீயர் வரும்போது முன்னாலேயே போய் அந்தத் தாளை உருவிரலாமா? பத்திர ஆபீசுல வேலை பாத்தவ தாளை உருவுறதா, தூ. வயித்துவலின்னு வீட்டுக்குப் போயிரலாமா? போனா வாசிக்காம விட்டிருவாங்களா? இல்ல பேச்சிமுத்து கூட்டத்துக்கே போகாம இருக்கலாம், எந்தக் கூட்டத்துக்குத்தான் போயிருக்காரு, கல்லை விட்டு நகர மாட்டாரே. ஆனா மைக்கு இருக்கே, இங்க வரைக்கும் கேக்குமே. கல்லுக்கு முன்னால நின்னுக்கிட்டே கேப்பாரு, தன் பேரு வாசிக்கிறதை, காத்தாட நடக்க முடிகிறதுன்னு. அந்த முகத்தை நான் எப்படிப் பாப்பேன்? பாக்காம இருந்தா அதுக்குப் பொறவு நாளைக்கு நாலரைக்கு எங்க போவேன்? அதுதான் பயம். பெரிய நியாயமெல்லாம் பேசிக்கிட்டு இருக்கேன், அடியில கிடக்கிற பயம் இந்த நாற்காலி. அவுக போனதுக்குப் பொறவு சாயங்காலம் அடுப்பு பத்த வைக்கவே பிடிக்கல. ஒரு ஆளுக்கு என்னத்தைச் சமைக்க? ஆறு மாசம் பார்சல் வாங்கிட்டுப் போய்க் காகிதத்தைப் பிரிச்சு நின்னுக்கிட்டே தின்னேன். ஒரு நாள் மழை பிடிச்சிக்கிட்டு, போக முடியல. ஆம்பளைங்களா உக்காந்து தின்னுக்கிட்டு இருக்காங்க, நான் ஓரமா நிக்கேன். பேச்சிமுத்து இந்த மூலையில இருந்த எண்ணெய் டின்னை எடுத்து உள்ள வச்சாரு, ஒரு நாற்காலியைக் கொண்டாந்து போட்டாரு, ஃபேனை இந்தப் பக்கம் திருப்பினாரு. "அக்கா இப்படி உக்காந்து சாப்பிடுங்க." எண்ணெய் டின் அதுக்குப் பொறவு இந்த மூலைக்கு வரவே இல்ல. எட்டரை வருஷம். வேற ஆள் வந்து உக்காந்தா, "அது அக்கா இடம்"னு எழுப்பி விட்டிருவாரு. எங்க அம்மா வீட்டுலகூட எனக்குன்னு ஒரு இடம் இருந்ததில்ல. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல்னு வரல, ஆவுடை ரசத்தைத் தூக்குல ஊத்திக்கிட்டுப் படியேறி வந்துட்டா. இவங்களுக்கா நான் இதைச் செஞ்சேன்?

ஊத்தப்பம் வந்துட்டு. இந்தத் தடவை பேச்சிமுத்தே கொண்டு வந்தாரு, பிரமநாயகம் அண்ணாச்சி பார்சலை வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு, கடையில வேற ஆள் இல்ல. சின்ன வெங்காயம் ஓரத்துல கருகிச் செவந்து, அவருக்குத் தெரியும் எனக்கு அப்படி இருந்தாத்தான் பிடிக்கும்னு. "என்னக்கா, வடையில பாதியை வச்சிட்டீய? ரசம் சரியில்லையா?" இதுதான் நேரம். சொல்லு சங்கரவடிவு. வாயைத் தொறந்தா சட்னி கொஞ்சம் வேணும்னு வருது. சட்னி வருது. போறாரு. தம்பின்னு கூப்பிடணும், கூப்பிட்டா திரும்பிருவாரு, திரும்பிட்டா சொல்லியாகணும். வெளிய மைக்கு, "பொதுமக்கள் அனைவரும் வந்து அமருமாறு"ன்னுது. "தம்பி." திரும்பிட்டாரு. "தம்பி, அந்தப் படிவம். நான் தொறங்கன்னு எழுதல. மூடணும்னு எழுதிட்டேன். உங்களைக் கேக்காம நானே எழுதிட்டேன்." சொல்லிட்டேன். என் குரல் மாதிரியே இல்ல, ஆபீசுல சாட்சி சொல்ற ஆளு குரல் மாதிரி இருந்துது. "நடக்கிறதுக்கு நல்லா இருக்குன்னு எழுதிருக்கேன். நடக்கிறது நீங்கன்னு. நான் காலையில வந்து பாத்ததே இல்ல தம்பி, இட்லி கொறைஞ்சது எனக்குத் தெரியாது. தெரியாதுங்கிறது ஒரு சாக்கா? கேட்டிருக்கணும்லா. கேக்கல." அவரு கையில சட்னி வாளி. என்னைப் பாக்கல, வாளியைப் பாத்தாரு. கல்லு மேல ஆவுடைக்குன்னு ஊத்தின தோசை தீயுற வாசம். அதுக்கும் திரும்பல. பேச்சிமுத்து தோசை தீஞ்சு நான் பாத்ததே இல்ல.

"சரி மேடம்"ன்னாரு. மேடம். எட்டரை வருஷத்துல ஒரு தடவைகூட அந்த வார்த்தை அவரு வாயில வந்ததில்ல. ஏசிருக்கலாம். வாளியைக் கீழ போட்டிருக்கலாம். மேடம்னுட்டாரு. எனக்கு எதுத்த சுவருல முருகன் காலண்டர் இருக்கு, அதையே பாத்துக்கிட்டு இருந்தேன், கண்ணீர் இறங்கி ஊத்தப்பத்துல விழுந்துருமோன்னு தலையை நிமித்திக்கிட்டு. உள்ளேருந்து ஆவுடை வந்தா. எல்லாத்தையும் கேட்டிருக்கா. வந்து தீஞ்ச தோசையைச் சுரண்டி எடுத்துப் போட்டா, தீயைக் குறைச்சா. புருஷனைப் பாத்து, "என்ன மேடம்? யாரு மேடம்? நீங்களும்தான் எதுல கையெழுத்துப் போடுதோம்னு பாக்காமப் போட்டீய. பாத்திருந்தா அப்பமே தெரிஞ்சிருக்கும்லா?"ன்னா. அவரு, "அக்கான்னு நம்பித்தான் போட்டேன்"ன்னாரு. "நம்புனா வாசிக்கக் கூடாதா?" அப்புறம் எம்பக்கம் திரும்பினா, எனக்கு வச்சிருந்தது இனிமேதான்னு நினைச்சேன். "நீங்களும்தான்க்கா. என்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? இந்த வீட்டுல யாருமே என்னைக் கேக்கல." அப்பத்தான் உறைச்சுது. கடைக்கு ஒரு படிவம்னு ஒண்ணுதான் குடுத்தாங்க, அதுல பேச்சிமுத்து கையெழுத்துன்னுதான் நானும் போனேன். ஆவுடை அடுக்களைக்குள்ளேருந்து வெளிய வந்து சாயங்காலம் அஞ்சு நிமிஷம் வாசப்படியில உக்காருறா, மூணு மாசமாத்தான் உக்காருறா, அதைப் பாத்திருக்கேன். பாத்தும் கேக்கல. நான் என்ன கருத்து வாங்கினேன்? எழுத்து அழகா இருந்தா போதுமா?

பையில எப்பவும் ரெண்டு வெத்துப் படிவம் கூடுதலா வச்சிருப்பேன், அடித்தல் வந்துட்டா மாத்தி எழுத. எடுத்தேன். "தம்பி, வாசிக்கிற வரைக்கும் மாத்திக்குடுக்கலாம். நான் எந்திரிச்சு நின்னு, முதல்ல உள்ளது இவங்க கருத்து இல்ல, நான் எழுதினதுன்னு சொல்லுதேன். எல்லாரு முன்னாலயும் சொல்லுதேன். இப்ப நீங்க சொல்லுங்க, நான் எழுதுதேன்"ன்னு தாளை அவரு முன்னால வச்சு, பெருக்கல் குறி போடப் போனேன், இன்னும் பழக்கம் விடல பாருங்க. அவரு விரலைத் தாளு மேல வச்சாரு. மாவு ஒட்டின விரல். "மொதல்ல எழுதுங்க. பொறவு வாசிங்க. அதுக்குப் பொறவு போடுதேன்." சரின்னேன். வேற என்ன சொல்ல, முப்பத்திரண்டு வருஷமா கேட்ட சட்டம்தானே. அவரு கல்லைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "காலையில பத்து மணி வரைக்கும் தொறந்து விடுங்க. லோடு வண்டி, கேஸ் வண்டி வரணும். அது இல்லாம ரொம்பக் கஷ்டமா இருக்கு." சிரமம்னு எழுத வந்துட்டுப் பேனா. அடக்கிக்கிட்டு, கஷ்டம்னே எழுதினேன். "கேஸ் சிலிண்டரை உருட்டி உருட்டி இடுப்பு போச்சு." இடுப்பு போச்சுன்னே எழுதினேன். "அதுக்கு மேல?"ன்னேன். ஆவுடை பக்கம் பாத்தாரு. அவ, "சாயங்காலம் மூடட்டும். நானும் ரெண்டு நிமிஷம் உக்காந்துக்கிடுதேன்"ன்னா. அவரு தலையை ஆட்டினாரு. அப்புறம், என்னைப் பாக்காமலே, "நாலு மணிக்கு மேல மூடட்டும். நடக்கிறவங்க நடக்கட்டும்னு எழுதுங்க"ன்னாரு. எனக்கு எழுத ஓடல. தாளு தெரியல. முந்தானையால கண்ணைத் துடைச்சிட்டு, நடக்கிறவங்க நடக்கட்டும்னு எழுதினேன், எழுத்து கோணிட்டு, கோணட்டும்னு விட்டுட்டேன். வாசிச்சுக் காட்டினேன். "இன்னொரு தடவை வாசிங்க." இன்னொரு தடவை வாசிச்சேன், ஒரு வார்த்தை விடாம. கையை நல்லாக் கழுவிட்டு வந்து, வேட்டியில துடைச்சு, பேனாவை வாங்கி ஒவ்வொரு எழுத்தா போட்டாரு. பொறவு பேனாவை ஆவுடை கையில குடுத்தாரு. அவ கீழ அவ பேரையும் போட்டா.

மைக்குல கூப்பிடுதாங்க. எஞ்சினீயர் வந்துட்டாரு போல, கையைத் தட்டுத சத்தம். நான் தாளை மடிக்காம ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சேன். ஊத்தப்பம் ஆறிப் போச்சு, ஆவுடை அதை எடுத்து மூடி வச்சா, "வந்து சாப்பிடுங்க, சூடு பண்ணித் தாரேன்." வந்து. திரும்பி வரலாம்ங்கிறா. பேச்சிமுத்து கல்லை அணைச்சாரு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்தக் கல்லு அணைஞ்சு நான் பாத்ததில்ல. காலுல சுத்தின துணியை ஒரு தடவை இறுக்கிக்கிட்டு என்கூட இறங்கினாரு. நான் படியிறங்கி ஓரமா போனேன், சுவரை ஒட்டி. எனக்கு நடுத்தெருவுல கால் வைக்க இன்னைக்கு மனசு வரல, எதுத்தாப்புல அத்தனை பேரு உக்காந்திருக்காங்க, போய் நின்னு சொல்லணும், தப்பு என்னுதுன்னு. ரெண்டு எட்டு வச்சிருப்பேன். பின்னால பேச்சிமுத்து குரல், கடுப்பும் இருந்துது, சிரிப்பும் இருந்துது அதுல.

"ஓரத்துல எங்க போறீய? நடுவுல நடங்கக்கா. மணி நாலுக்கு மேல ஆச்சுல்லா."